கைத்துப்பாக்கிக்கு ஸ்டாண்டா, ஷோகேஸா, இரும்புப் பெட்டியா? நீலகிரி வீட்டுக்கு எது பொருந்தும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ லைசென்ஸுடன் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரு ஆசை உண்டு. தாத்தா எஸ்டேட்டில் இருந்த காலத்தில் இடுப்பில் இருந்தது, இல்லை அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றபின் வாங்கியது. அதைப் பழைய துணியில் சுற்றி பீரோ மூலையில் போடாமல், கண்ணால் பார்க்கும்படி வைக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு வீட்டையும் வெளிநாட்டுத் துப்பாக்கியையும் மனதில் வைத்துச் செய்தவை. நம் மலையின் ஈரமும், கருங்கல் சுவரும், நம் சட்டமும் அவற்றின் கணக்கில் இல்லை.

பூட்டு எவ்வளவு உறுதி என்பதைப் பற்றியே எல்லோரும் விசாரிக்கிறார்கள். மலையில் அது மூன்றாவது கேள்வி. பெட்டி எந்தச் சுவரில் பிடிக்கப்படுகிறது, உள்ளே ஈரம் எவ்வளவு என்ற இரண்டும் அதற்கு முன்னால் நிற்கின்றன.

முதலில் கையில் இருப்பது என்ன துப்பாக்கி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுடக்கூடிய, லைசென்ஸில் ஏறியிருக்கும் துப்பாக்கி ஒரு வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தரும் பழம்பொருள் இன்னொரு வகை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத, காலாவதியான அல்லது பழமை மதிப்புள்ள ஆயுதம். அது இந்த வகையில் வருகிறதா என்பதை நீங்களே முடிவு செய்யக் கூடாது. கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, குழல் அளவு .177 அங்குலமும், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாததுமான ஏர் பிஸ்டல். இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பின்னிரண்டுக்கும் கண்ணாடி ஷோகேஸ் போதும். முதல் வகைக்கு எங்கள் பரிந்துரை ஒன்றே: கனமான இரும்புப் பெட்டி, அதற்குள் நல்ல ஸ்டாண்ட். கதவைத் திறந்தால் காட்சி, மூடினால் பூட்டு.

எத்தனை இடம் உள்ள ஸ்டாண்ட் வாங்குவது என்று குழம்ப வேண்டாம். 2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டபின் ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டு துப்பாக்கிதான். போட்டி வீரர்களுக்குத் தனி விதி. ஆறு துப்பாக்கி நிற்கும் மர ஸ்டாண்டை வாங்கி நான்கு இடத்தைக் காலியாக விடுவதைவிட, அந்தப் பணத்தை நல்ல பெட்டியில் போடலாம்.

திறந்த ஸ்டாண்ட்

அக்ரிலிக் அல்லது மரத்தில் செய்த, மேசை மேல் வைக்கும் தாங்கி. விலை குறைவு, பார்க்க அழகு, பாதுகாப்பு பூஜ்யம். சுடும் துப்பாக்கியை இதில் வைத்துவிட்டு அறையை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. துடைக்கும்போதும் எண்ணெய் போடும்போதும் வேலை மேசையில் தாங்கியாகப் பயன்படுத்த நல்ல பொருள். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பூட்டும் ஸ்டாண்ட்

இதுதான் அதிகம் ஏமாற்றும் பொருள். இரும்புத் தளம், அதிலிருந்து ஒரு கவ்வி எழுந்து ட்ரிகர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும், சாவி போட்டுப் பூட்டலாம். மூன்று இடத்தில் பிழை வருகிறது.

ஒன்று, கவ்வியின் ரப்பர் பட்டை வளையத்துக்குள் நுழைந்து ட்ரிகர்மேல் அழுந்தும். குண்டு இருக்கும் துப்பாக்கியில் இப்படி ஒரு பூட்டை மாட்டுவது தற்கொலைக்குச் சமம். முதலில் குண்டு எடுத்து, ரிவால்வரின் ஆறு குண்டு அறையையும் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே எந்தப் பூட்டும்.

இரண்டு, நம் நாட்டு ரிவால்வரின் அமைப்பு. கான்பூரில் நெடுங்காலமாகத் தயாராகும் .32 ரிவால்வர் (2023-இல் வந்த 'பிரபல்' மாடல் தவிர), வெப்ளி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் வழியில் வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வராது. மேல் கொக்கியைத் தள்ளினால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கமாக மடிந்து திறக்கும். தோட்டத்து வீடுகளில் மிஞ்சியிருக்கும் பழைய வெப்ளிகளும் அப்படியே. வெளிநாட்டு ஸ்டாண்டுகளின் பள்ளங்களோ சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வருக்காக வெட்டியவை. மடித்துத் திறந்த நிலையில் வைத்தால் குழலின் எடை முழுவதும் கீலில் தொங்கும். சுமார் 700 கிராம் எடையுள்ள பொருள் மாதக்கணக்கில் அப்படித் தொங்கினால் கீல் ஆட்டம் காண ஆரம்பிக்கும். எனவே மடியும் ரிவால்வருக்கு, குழலுக்குக் கீழே தனியாக ஒரு முட்டு உள்ள ஸ்டாண்டாகப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மரக்கட்டையை அளவுக்குச் சீவி, ஃபோம் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, ஸ்டாண்ட் பூட்டியிருக்கும், ஆனால் ஸ்டாண்டையே தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டு கிலோ தளம் யாரையும் தடுக்காது.

கவ்விக்குப் பதில் கேபிள் பூட்டு மேல். மடியும் ரிவால்வரில், திறந்த நிலையில் சிலிண்டரின் ஒரு அறை வழியாகக் குழலுக்குள் விட்டு முன்வாய் வழியே கேபிளை எடுத்தால் துப்பாக்கியை மூடவே முடியாது. .32 குழலின் உள்விட்டம் 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஆகவே 5 மி.மீ. கேபிள் வாங்குங்கள், தடித்தது உரசும். பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரில் சிலிண்டர் உட்காரும் சட்டத்தின் வெற்றிடம் வழியாகவும், பிஸ்டலில் மேகசினைக் கழற்றி ஸ்லைடைப் பின்னுக்கு நிறுத்தி, தோட்டா வெளியேறும் வாயிலிருந்து மேகசின் குழி வழியாகவும் கேபிள் போக வேண்டும். மேலுறை பி.வி.சி.யாக இருக்கிறதா என்று கேளுங்கள். நாளானால் பி.வி.சி. அமிலம் கசியும், தொட்ட இடத்தில் கோடாகத் துரு பிடிக்கும். நைலான் உறை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஷோகேஸ்

பழம்பொருளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் இதுவே சரியான தேர்வு. சுடும் துப்பாக்கிக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், ஆனால் வாங்குபவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறோம்.

கண்ணாடிக் கடையில் 'டஃபன்டு போட்டுத் தர்றேன் சார், உடையாது' என்பார்கள். டஃபன்டு கண்ணாடியின் நடுவில் அடித்தால் தாங்கும்; விளிம்பில் கூர்மையான இரும்பால் ஒரு தட்டு தட்டினால் மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும், வழி முழுதும் திறந்துவிடும். திருட்டைத் தடுக்க வேண்டியது லேமினேட்டட் கண்ணாடி. 8.76 மி.மீ. என்று கேளுங்கள்: இரண்டு 4 மி.மீ. தகடு, நடுவில் 0.76 மி.மீ. பிலிம். 6.38 மி.மீ.யில் பிலிம் 0.38 மட்டுமே, விலை குறையும், தாங்கும் நேரமும் குறையும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விடும், ஆனால் பிலிமில் ஒட்டிக்கொண்டு தொங்கும். அதைக் கிழித்துக் கை நுழைக்கச் சத்தமும் நேரமும் ஆகும். 6 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட் இதைவிட அடி தாங்கும், ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து பனி படர்ந்தது போல் ஆகிவிடும்.

சட்டம் இரும்பாக இருக்க வேண்டும். கீல் உள்பக்கம் மறைந்திருக்க வேண்டும். வெளியே கீல் முள் தெரிந்தால் ஆணியும் சுத்தியலும் போதும், பூட்டைத் தொடவே வேண்டாம். பீரோ இழுப்பறைகளில் வரும் கேம் லாக்கைத் தடித்த ஸ்க்ரூ டிரைவரைத் திணித்துத் திருகியே திறந்துவிடலாம். லீவர் பூட்டு போடச் சொல்லுங்கள். கரண்ட் போனால் தானே திறந்துகொள்ளும் காந்தப் பூட்டை, மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடக்கும் ஊரில் மாட்டவே கூடாது.

உள்ளே எல்.இ.டி. பட்டை போடுவது இன்னொரு பழக்கம். மாலையில் விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி வெளியே தள்ளப்படும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, அறையின் ஈரக் காற்றை இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கும். தினம் ஒரு மூச்சு. அடாப்டரையாவது பெட்டிக்கு வெளியே வையுங்கள், விளக்கை விருந்தாளி வரும்போது மட்டும் போடுங்கள்.

ஜன்னலில் இருந்து தெரியும் இடத்தில் ஷோகேஸ் வேண்டாம். பழைய பங்களாக்களின் பெரிய ஜன்னல் வழியாக, சாலையில் நிற்பவனுக்கும் அறைக்குள் இருப்பது முழுதாகத் தெரியும். உள்ளே இருப்பது சுட முடியாத பழம்பொருள் என்பது திருடனுக்குத் தெரியாது. வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேயாக விட்டிருந்தால், விருந்தினர் நடமாடும் பக்கத்தில் எந்த வகைத் துப்பாக்கியும் கண்ணில் படக் கூடாது.

இரும்புப் பெட்டிக்குள் ஸ்டாண்ட்

சுமார் 60 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி இரண்டு கைத்துப்பாக்கிக்கும் காகிதங்களுக்கும் தாராளம். லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைக்க இடம் உண்டா என்று கேட்கிறார்கள். கேட்டால் காட்டக்கூடிய பதில் இது. கூடலூர், மசினகுடி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு காகிதமும் உண்டு. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 10 கி.மீ. சுற்றளவிலும் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பெயர் பதிய வேண்டும். கொடைக்கானல் வனப்பகுதி 2013-இல் சரணாலயமானதால் பழனி மலைக்காரர்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பதிவின் நகலையும் லைசென்ஸோடு சேர்த்து உறையில் போட்டு இதே பெட்டியில் வையுங்கள். தோட்டா மட்டும் இதில் வேண்டாம். வேறு பூட்டு, வேறு சாவி, வேறு இடம்.

எண் பூட்டு உள்ள பெட்டி வசதிதான். ஆனால் மலை ஈரத்தில் பேட்டரி முனை பச்சை பூத்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மழைக்கு முன்னால் பேட்டரியை மாற்றுங்கள். கூடவே வரும் அவசரச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே பூட்டிவிடுபவர்கள் ஏராளம். பெட்டிக்கு மேலேயே ஆணியில் மாட்டுபவர்களும் உண்டு. முதலாவது சாவி இல்லாததற்குச் சமம், இரண்டாவது பூட்டு இல்லாததற்குச் சமம்.

ஸ்டாண்டில் துப்பாக்கி மூன்று இடத்தில் மட்டும் தொட வேண்டும்: பிடியின் அடி, ட்ரிகர் வளையத்தின் வெளிப்புறம், குழலின் கீழ்ப்பக்கம். குழல்வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், மிஞ்சிய எண்ணெய் பின்னால் இறங்கி மரப்பிடியை ஊறவைக்காது. குழலுக்குள் நுழையும் குச்சி மாதிரி ஸ்டாண்டுகள் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் இரும்புக் குச்சி குழல்வாயின் விளிம்பைத் தேய்க்கும், கொழுகொழுவென்ற உறை போட்ட குச்சி உள்ளே காற்றை அடைக்கும். வேறு வழி இல்லாவிட்டால் .32-க்கு 6 மி.மீ., .22-க்கு 4 மி.மீ. நைலான் குச்சி, மாதம் ஒருமுறை கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

எது துப்பாக்கியைத் தொடுகிறதோ அதில்தான் மலையில் பாதிப் பிழையும் நடக்கிறது. சிவப்பு வெல்வெட், கம்பளி ஃபெல்ட் இரண்டும் ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டிவைக்கும். ஸ்பாஞ்சு மாதிரியான பியூ ஃபோம் சில ஆண்டில் பொடிப்பொடியாகி ஒட்டும். வேண்டியது பார்சலில் வரும் மூடிய கண்ணறை உள்ள வெள்ளை பாலித்தீன் ஃபோம், 5 மி.மீ. தோல் உறைக்குள் வைத்தே பூட்டிவிடுவது எல்லாவற்றிலும் மோசம். பதனிட்ட தோலின் அமிலமும் உப்பும் ஈரமும் சேர்ந்து, உறையின் தையல் எங்கே இருந்ததோ அங்கேயே துப்பாக்கியில் துரு வரைந்துவிடும்.

மரத்திலும் கவனம். உள்ளூர் தச்சர் சில்வர் ஓக்கில் மலிவாகச் செய்து தருவார். மலையிலேயே அறுத்து மலையிலேயே கிடந்த மரம் உள்ளே ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கும், பெட்டிக்குள் போனதும் அதைக் கக்கும். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசை விடும் ஆவியும் உலோகத்துக்கு ஆகாது. நன்கு உலர்ந்த பழைய தேக்கு இருந்தால் செய்யலாம். புது வார்னிஷ் அடித்தபின் குறைந்தது ஒரு மாதம் வெளியே ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் பவுடர் கோட்டிங் போட்ட இரும்புக் கம்பி ஸ்டாண்டே நல்லது, அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஈரம்

உள்ளே ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் துருவின் வேகம் கூடும். 35-க்குக் கீழே போனால் மரப்பிடி வெடிக்கும். ஜூலையில் ஊட்டி வீட்டு அறையில் 90 என்பது சாதாரணம். அறையில் கேஸ் ஹீட்டர் போட்டால் இன்னும் மோசம்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. சூடான அந்த ஈரம் குளிர்ந்த இரும்பைத் தேடிப் போய்ப் படியும். அதனால் கணப்பு இருக்கும் சுவரும் வேண்டாம், மழை வந்து மோதும் தென்மேற்குச் சுவரும் வேண்டாம். வீட்டின் நடுவில் இருக்கும் உள்சுவரே பெட்டிக்கு இடம்.

இரண்டு வழி உண்டு. 12 முதல் 18 வாட் சூட்டுக் குழல் ஒன்றைப் பெட்டியின் அடியில் போடலாம். அது ஈரத்தை அகற்றாது, காற்றைச் சூடாக்கும்: 15 டிகிரியில் 90 சதவீதமாக இருந்த காற்று 20 டிகிரிக்கு ஏறினால் 66 ஆகிவிடும். கரண்ட் போனால் அதுவும் போயிற்று. அதனால் சிலிக்கா ஜெல்லும் வேண்டும், மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். 60 லிட்டர் பெட்டிக்கு 500 கிராம், துணிப்பையில். ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, அது நச்சு. நிறத்தை நம்புவதைவிடச் சமையலறைத் தராசு நல்லது. பை 500-இலிருந்து 600 கிராம் ஆனால் எடுத்து, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி, ஆறியதும் திரும்ப வையுங்கள். கதவு ரப்பர் இடுக்கு விட்டால் வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டிவரும். அப்போது ரப்பரைத்தான் மாற்ற வேண்டும், ஜெல்லை அல்ல.

ஈரம் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டரைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் கல்லுப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து ஒரு இரவு வையுங்கள். உப்புத் தண்ணீர் மீட்டர்மேல் படக் கூடாது. காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மீட்டர் 6 குறைத்துச் சொல்கிறது. அதைக் கூட்டிப் படியுங்கள்.

துப்பாக்கியில் தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. ஊட்டிக் குளிரில் ட்ரிகர் உள்ளே மெழுகாக இறுகி, நாளானால் சிக்குப் பிடித்து அமிலமாகும். யூகலிப்டஸ் தைலத்தால் துடைப்பதும் வேண்டாம், அது இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கரைத்து எடுத்துவிடும். துப்பாக்கி எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு ஒரு கை பூசுங்கள். பூசியபின் வெறும் விரலால் தொடாதீர்கள். வியர்வை உப்பு, ஒரு மழைக்காலத்துக்குள் உங்கள் ரேகையை அப்படியே துருவாகக் காட்டும். அந்துருண்டையும் பெட்டிக்குள் ஆகாது.

சுவர்

30 கிலோ பெட்டியை ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே போல்ட் போட்டே ஆக வேண்டும். பழைய பங்களாவின் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கல் இணைப்பில் எக்ஸ்பான்ஷன் போல்ட் போட்டால், விரியும்போது காரை உதிர்ந்து, இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். கல்லின் நடுவிலேயே துளையிட்டு, பிசின் நிரப்பிக் கம்பியை ஒட்டவைக்கும் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள்: 10 மி.மீ. திருகுக் கம்பிக்கு 12 மி.மீ. துளை, குறைந்தது 90 மி.மீ. ஆழம். இந்த ஆங்கர் தோற்பதற்கு முதல் காரணம் துளைக்குள் மிஞ்சும் தூள். பிரஷ் விட்டுச் சுழற்றி, ஊதி, மறுபடி பிரஷ், மறுபடி ஊதல். ஈரக் கல்லுக்கு ஏற்ற பிசினா என்று உறையில் பாருங்கள். குளிரில் இறுக அதிக நேரம் பிடிக்கும். காலையில் போட்டு மாலையில் இறுக்கும் அவசரம் வேண்டாம், மறுநாள் இறுக்குங்கள்.

மரச்சட்டமும் பூச்சும் சேர்ந்த பழைய தடுப்புச் சுவர் என்றால் ஆங்கர் எதுவும் பிடிக்காது. கம்பியை மறுபக்கம் வரை விட்டு, அங்கே 100-க்கு 100 மி.மீ., 5 மி.மீ. தடித்த இரும்புத் தகடு வைத்து நட்டு போட வேண்டும். அந்த மறுபக்கமும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். புது வீட்டு ஹாலோ பிளாக் சுவரைவிடக் கான்கிரீட் தரை மேல். நான்கு எக்ஸ்பான்ஷன் போல்ட்டில் முடிந்தது. எங்கே பிடித்தாலும் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் 20 மி.மீ. நைலான் துண்டு கொடுத்துக் காற்று போக இடம் விடுங்கள். ஒட்டி வைத்தால் சுவரின் குளிர் முதுகுத் தகட்டில் ஏறி, உள்ளே பனித்துளி அந்தப் பக்கம்தான் முதலில் கட்டும். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் பின்பலகையைத் தடவிப் பார்த்தாலே தெரியும்.

கோவைக்கோ சென்னைக்கோ மாதக்கணக்கில் இறங்குபவர்கள், காவலாளியிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பது சட்டப்படியே குற்றம். டெபாசிட் எடுக்கும் உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளேயும் எண்ணெய் போட்டு, சீரியல் எண் தெரியும்படி இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்ப வாங்கும்போது குளிரில் கிடந்த துப்பாக்கியை நேராக ஸ்டாண்டில் ஏற்ற வேண்டாம். ஜிப் பையில் அடைத்தபடியே அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு திறந்து, துடைத்து, எண்ணெய் தொட்டு உள்ளே வையுங்கள்.